கலைக்குச் சோறு போட்ட கைத்தொழில்

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் என்றால் முதலில் காலண்டர்தான். லட்சுமியும் முருகனும் சரஸ்வதியும் அவர்கள் கண்ணில் முதன்முதலாகப் படுவது தேதித் தாள் ஒட்டிய அட்டையில். அந்தச் சாமி படங்களில் பலவற்றை வரைந்தவர்கள் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும். கொண்டையராஜு ஓவியம் படித்தது சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் என்பது எங்கள் பகுதி ஓவிய ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆகவே, சமகாலக் கலையைப் பார்க்கக் குழுவாகச் சென்னைக்குப் போவோம் என்று பேச்சு எழுந்ததும், முதலில் அந்தப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

பொதிகை ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். எல்லோரும் அரசுப் பள்ளிகளில் ஓவியம் நடத்துகிறவர்கள். பாதிப் பேர் 2012-இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்தில் சில அரைநாள்கள் வகுப்பு. மற்ற நேரத்தில் சுவர் விளம்பரம், கோயில் வர்ணம், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்பு என்று கிடைத்த வேலையைச் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள். தூரிகையால் சம்பாதிப்பது எவ்வளவு கடினம் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈ.வெ.ரா. பெரியார் நெடுஞ்சாலையில் இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தனி முயற்சியாகத் தொடங்கிய பள்ளி இது. சில ஆண்டுகளிலேயே அரசு எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் இங்கே கற்பிக்கப்பட்டவை மட்பாண்டம், உலோக வேலை, மர வேலை, செதுக்கு வேலை போன்ற தொழில்கள். 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைப் பட்டறையை இதே வளாகத்தில்தான் தொடங்கினார். நம் வீட்டு அடுக்களைக்கு அலுமினியச் சட்டி வந்து சேர்ந்த வழி ஓர் ஓவியப் பள்ளிக்குள்ளிருந்து புறப்பட்டது என்று கேட்டதும், கூட வந்தவர்கள் அந்த மரங்களடியில் நின்று கட்டடங்களை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்கள்.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் பள்ளி உண்மையான கலைப் பள்ளி ஆனது, அதற்கு முன் அது தொழிற்கூடம் மட்டுமே என்று பலர் எழுதுவது வழக்கம். அந்தப் பார்வை எனக்கு ஒப்பவில்லை. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் அந்த உடல்களின் முறுக்கைப் பாருங்கள். எந்தத் தசை எப்போது இறுகும் என்பதைப் பட்டறையில் ஆட்கள் பாரம் தூக்குவதைப் பார்த்தே பழகிய கண்ணால்தான் அப்படிச் செய்ய முடியும். தொழிற்கூடம் அந்தக் கலைக்குத் தடையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடித்தளமே அதுதான்.

நகரத்துத் தனியார் கலைக்கூடங்கள் சிலவற்றையும் பார்த்தோம். வெள்ளைச் சுவர், குளிரூட்டிய அறை, சுவருக்கு ஒரு படம். நல்ல படங்கள் இருந்தன. ஆனால் அவை உருவான விதத்தைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. எங்கள் ஆசிரியர்களின் கேள்விகளோ அத்தனையும் அதைப் பற்றியவை: எந்தப் பலகை, எந்த வர்ணம், காய எத்தனை நாள், யார் சட்டம் அடித்தது?

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த இடம் கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையம். ஓவியர்களும் சிற்பிகளும் வந்து வேலை செய்யப் பட்டறைகள் உள்ள இடம் அது. கிராஃபிக் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் டர்பன்டைனும் அச்சு மையும் கலந்த வாடை. சிவகாசிக்காரர்களுக்கு அது பிறந்த வீட்டு வாடை. ஓவியர்களுக்குப் பிரின்ட் எடுத்துக்கொடுத்தே தலை நரைத்த ஒருவர் அன்று ஒரு துத்தநாகத் தகட்டோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சுற்றி நின்றதும் வேலையை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார்.

“பிளேட்டோட ஓரத்தை முதல்ல அரத்தால சரிவா ராவிடணும் சார். இல்லேன்னா பிரஸ்ல போகும்போது பேப்பரையும் கிழிக்கும், மேல போடுற ஃபெல்ட்டையும் வெட்டிரும்.”

ராவிய தகட்டைத் துடைத்துச் சூடாக்கி, தேன்மெழுகும் அஸ்ஃபால்டமும் பிசினும் கலந்த கறுப்புப் பூச்சை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். ஆறியதும் ஓவியர் ஊசியால் அதன் மேல் வரைவார். ஊசி உலோகத்தைக் கீற வேண்டாம். மெழுகை விலக்கினால் போதும். பின்பக்கத்துக்கு வார்னிஷ் பூசி, தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் இறக்குகிறார்கள். மெழுகு விலகிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கிறது. கோடு நெடுகக் குமிழ்கள் முளைக்கின்றன. அவற்றை அப்படியே விட்டால் கோடு ஏறுமாறாக அரிக்கும். எனவே அவர் ஓர் இறகை எடுத்து, தகட்டின் மேல் படாத மாதிரி மெல்லத் தடவிக் குமிழ்களை விலக்கிக்கொண்டே இருந்தார். அந்த விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. நைட்ரிக் அமிலம் பட்ட தோல் அப்படித்தான் மஞ்சளிக்கும். அந்தத் தோல் உரியும்வரை எந்தச் சோப்புக்கும் போகாது.

“எவ்வளவு நேரம்ணே போடணும்?” என்று கேட்டார் எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர்.

“மணி பாக்கலாம்மா. ஆனா குமிழைப் பாக்குறதுதான் நிச்சயம். வெயில் காலத்துல ஆசிட் சீக்கிரம் கடிக்கும். மழை நாள்ல சோம்பேறியா இருக்கும். லேசான கோடு வேணும்னா முதல்லயே வெளிய எடுத்து, அந்த இடத்துக்கு வார்னிஷ் பூசி மூடிட்டு, மத்ததை மறுபடி போடணும்.”

ஒரே படத்தில் மயிரிழைக் கோடும் தடித்த கோடும் வருவதன் சூட்சுமம் இதுதான். கைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, காத்திருப்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மெழுகைக் கழுவியபின் தகடு முழுக்க மை அப்பி, பிறகு கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைக்கத் தொடங்கினார். மேற்பரப்பில் மை இருக்கக் கூடாது; பள்ளத்தில் இருப்பது வெளியே வரக் கூடாது. கடைசித் துடைப்பு உள்ளங்கையால். சாக்பீஸ் தூளைக் கையில் தடவிக்கொண்டு, தகட்டின் மேல் ஒரே வேகத்தில் வீசி வீசித் துடைத்தார். தண்ணீரில் ஊறி, ஒற்றியெடுத்த தடித் தாள் அதன் மேல் படுத்தது. ஃபெல்ட் மூடியது. சக்கரத்தைச் சுற்றச் சொல்லி எங்களிடமே கொடுத்தார். உருளை ஏறி இறங்கும்போது கையில் ஓர் இறுக்கம் தெரிகிறது. மறுபக்கம் வந்ததும் தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். தகட்டில் இடப்பக்கம் இருந்த மரம் தாளில் வலப்பக்கம் நின்றது. ஊசி கீறியதிலேயே மிக மெல்லிய கோடுகூடத் தாளில் விரலுக்குத் தட்டுப்படும் மேடாக வந்திருந்தது.

ஒரு மூலையில் லித்தோ கல் இருந்தது. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து உலகமெங்கும் போன சுண்ணாம்புக் கல் வகை. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று சேராது என்ற ஒரே உண்மையை வைத்து 1796-இல் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. ஆசிரியை அதன் மேல் கை வைத்ததும் நின்றுவிட்டார். “எங்க தாத்தா பிரஸ்ல இந்தக் கல்லைத்தான் தேய்ச்சாராம். ரெண்டு கல்லை முகத்தோட முகம் வச்சு, நடுவுல மணலும் தண்ணியும் விட்டு, எட்டு போடுற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்க்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு.” பிரின்ட் எடுத்துக் காட்டியவர் தலையசைத்து, “அப்படித்தாம்மா. இன்னிக்கும் அப்படித்தான்” என்றார்.

பழைய படத்தைத் தேய்த்து அழித்தால்தான் கல்லில் புதுப் படம் வரும். சிவகாசியில் சாமி படம் அச்சான முறையும் இங்கே நவீன ஓவியர்கள் கையாளும் முறையும் ஒன்றுதான் என்பதை எங்கள் ஆசிரியர்கள் அந்தக் கல்லைத் தொட்டுத் தெரிந்துகொண்டார்கள். நவீன ஓவியம் நமக்குப் புரியாத வேறு உலகம் என்ற தயக்கம் அதோடு போனது. அன்று மாலைவரை அவர்கள் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன.

அச்சான தாளின் அடியில் ஓவியர் பென்சிலால் எண்ணும் பெயரும் எழுதுவார். 3/10 என்றால் பத்துப் பிரதிகளில் மூன்றாவது. அந்த அளவுக்கு நேர்மையான கலை இது. ஆனால் மையைத் துடைத்த உள்ளங்கைக்கு உரியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. தாங்களே எல்லாவற்றையும் செய்துகொள்ளும் அச்சோவியர்கள் நம்மிடையே நிறைய உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. உதவிக் கையோடு செய்யும்போதாவது அந்தக் கையைக் குறிப்பிடலாமே? வெளிநாட்டு அச்சுக்கூடங்கள் பலவற்றில் அச்சிட்டவரின் முத்திரையை மையில்லாமல் தாளின் ஓரத்தில் அழுத்திப் பதிப்பது வழக்கம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. மனம் இருந்தால் போதும்.

ஈஞ்சம்பாக்கம் போகும் வழியில் கண்ணகி நகரைப் பார்த்தோம். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் குடியமர்த்திய அடுக்ககங்களின் சுவர்களில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் முயற்சியில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. சுவர் வர்ணம் அங்குள்ளவர்களுக்கு வேலையையோ தண்ணீரையோ தந்துவிடாது. ஆனாலும் தங்கள் தெருவைத் தேடி வெளியூர்க்காரர்கள் படம் பார்க்க வருவது பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கிறது. எங்களில் ஒருவர் முன்பு சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்தத் தொழிலை விட்டவர். சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவது எப்படி என்று இளையவர்களுக்கு அங்கேயே விளக்கினார். அந்த வித்தை தெரிந்த ஆட்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சுவர்களுக்கு அவர்களை அழைக்க வேண்டும்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்தபோதுதான், இந்தப் பயணத்தில் நான் தேடியது முழுதாகக் கிடைத்தது. கே.சி.எஸ். பணிக்கர் எழும்பூர்ப் பள்ளியின் முதல்வராக இருந்த காலத்தில் அவரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. திறமையோடு படித்து வெளியேறும் மாணவர்கள் அடுத்த ஆண்டே படம் வரைவதை விட்டுவிடுகிறார்கள். சோற்றுக்கு வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது. படம் வாங்க ஆள் இல்லாத நகரத்தில் ஓவியர் எப்படி வாழ்வது? அவர் கண்ட விடை, பள்ளி தொடங்கிய இடத்துக்கே திரும்புவது. கைத்தொழிலால் சம்பாதியுங்கள், யாருக்காகவும் வளைந்துகொடுக்காமல் படம் வரையுங்கள். ஓவியர்கள் கைவினைச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பாத்திக் துணி, தோல் பொருள், மட்பாண்டம், உலோக வேலை என்று செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் 1966-இல் கடலோர மணலில் நிலம் வாங்கினார்கள். முதலில் கூரைக் குடிசைகள். சுற்றிலும் சவுக்கு.

பாத்திக் தெரிந்த ஆசிரியர் ஒருவர் மர நிழலில் எங்களுக்கு அந்த வேலையை விவரித்தார். தேன்மெழுகோடு பாரஃபின் கலந்து உருக்கி, துணியில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே பூச வேண்டும். முதல் சாயம் மஞ்சள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. அடுத்து சிவப்பு, கடைசியில் கறுப்பு. சாயத் தொட்டி குளிர்ந்திருக்க வேண்டும். சூடு பட்டால் மெழுகு உருகிவிடும். பாரஃபின் கூடினால் மெழுகு நொறுங்கி, விரிசலுக்குள் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். எல்லாம் முடிந்தபின் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால்தான் என்ன வரைந்தோம் என்பதே முழுதாகத் தெரியும். காலையில் கித்தானில் வரைந்த கையே மாலையில் இந்த மெழுகைப் பூசியிருக்கிறது.

2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தின் முக்கியமான படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்கள் ஜாதகக் கட்டமும் கிறுக்கெழுத்தும் நிறைந்தவை. படிக்க முயன்றால் படிக்க வராது. ஆனால் ஓலைச்சுவடியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை அந்நியமாகவும் தெரியாது. 1973-இல் இளம் வயதிலேயே இறந்துபோன கே. ராமானுஜம் பேனா மையால் கட்டிய கனவு மாளிகைகளின் முன்னால் எங்களில் பலர் நகராமல் நின்றார்கள்.

என்னை மிகவும் ஈர்த்தது பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பம். செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்து, நகையும் மடிப்பும் கண்ணிமையும் ஆக்கியிருக்கிறார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நெருங்கிப் பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே பிடிபடும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், முன்முகம்தான் சிற்பம். கருவறைக்கு எதிரே நின்று கும்பிடுகிறவரின் பார்வை அது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து இதே முன்முகச் சிற்பத்தை வேறொரு திசைக்குக் கொண்டுபோனார். மேற்கிலிருந்து இரவல் வாங்காமல் நவீனம் ஆக முடியும் என்பதற்கு இந்த இரண்டு பேரின் படைப்புகளே போதும். அதற்கு வழி காட்டியவர்கள் கன்னார்களும் கோயில் கவசம் அடித்தவர்களும்.

சோழமண்டலத்தை நிறுவியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. ஆனாலும் அரசுப் பணத்தையோ பெரிய கொடையாளரையோ நம்பாமல், தாங்கள் சாயம் தோய்த்து விற்ற துணியின் காசில் ஓவியர்கள் தங்களுக்கென ஓர் ஊரையே கட்டிக்கொண்ட வரலாறு நம்முடையது. தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் ஓவிய ஆசிரியருக்கு இதைவிடத் தெம்பு தரும் வரலாறு வேறு இல்லை.

ஆண்டுதோறும் எத்தனையோ பள்ளிப் பேருந்துகள் மாமல்லபுரத்துக்குப் போகின்றன. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்து எதுவானாலும் சோழமண்டலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைமையாசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் அங்கே ஒரு மணி நேரம் பேருந்தை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரைப் பிள்ளைகளோடு உள்ளே அனுப்புங்கள். ஒவ்வொரு பொருளையும் எந்தக் கை எப்படிச் செய்தது என்பதை அவர் சொல்லட்டும்.