வைக்கோலும் வண்டும்

ஆஸ்திரேலியாவுக்கு வீட்டோடு குடிபெயர்கிறவர்களிடம் பட்டுப்புடவையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. விளக்குமாற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். வெள்ளிக் குத்துவிளக்கு எத்தனை கிலோ என்று கேட்பதில்லை. அதைச் சுற்றியிருப்பது வைக்கோலா, காகிதமா என்று கேட்கிறார்கள். மெல்போர்னுக்கு வந்த புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் தெரிகிறது. நம்மைப் போன்றவர்களை அது கூடுதலாக உரசுகிறது என்பதும் தெரிகிறது.

சுங்கம் சம்பந்தப்பட்ட பகுதி சின்னதுதான். நாம் விமானத்தில் வர, சாமான் கப்பலில் தனியாக வந்தால் அதற்கென்று பி534 என்ற படிவம் இருக்கிறது. வரும் பொருள் நம்முடையதாக, வெளிநாட்டில் நாமே குறைந்தது 12 மாதம் வைத்துப் புழங்கியதாக இருந்தால் தீர்வையும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. ஊரிலிருந்து கிளம்புகிற மாதத்தில் ஆசை ஆசையாகப் புது டிவி வாங்கிப் பெட்டியில் ஏற்றுகிறவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். பழைய மிக்ஸிக்கு இருக்கும் மரியாதை புது மிக்ஸிக்குக் கிடையாது.

இந்தியப் பக்கத்திலும் ஒரு முடிச்சு உண்டு. பலருக்கு அது கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை விளக்கு பார்க்கப் பழசாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டி வரலாம். செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி என்றால் அதன் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. எங்கள் வீட்டு மரப்பாச்சி ஜோடி மதுரையிலேயே நாத்தனார் வீட்டுக்குக் குடிபோனது.

இதற்கெல்லாம் பிறகுதான் பெரிய வாசல். சுங்கத்துக்குப் பொருளின் விலைதான் கணக்கு. ஆஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிக்கோ அது எதனால் ஆனது, எங்கே கிடந்தது, அதன் இடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதே கணக்கு. 1908இல் போட்ட தனிமைப்படுத்தல் சட்டத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்து, 2015இல் உயிர்ப்பாதுகாப்புச் சட்டமாகப் புதுப்பித்து, 2016 ஜூனிலிருந்து நடைமுறைப்படுத்தி வருகிறார்கள். மரச்சாமானில் பட்டை இருக்கக் கூடாது, துளைப்பான் பூச்சியின் ஓட்டை இருக்கக் கூடாது. தோட்டக் கருவியிலும் செருப்பின் அடியிலும் சைக்கிள் டயரிலும் மண் இருக்கக் கூடாது. சாமானுக்குக் கட்டை அடித்து அனுப்பினால் அந்தக் கட்டையும் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ புகை போடப்பட்டோ, கோதுமைக் கதிர் போட்ட முத்திரையோடு வர வேண்டும்.

கிளம்புவதற்கு முன் மதுரை வீட்டுக் கூடத்தில் சாமானைப் பரப்பிவைத்துத் தரம் பிரித்தோம். வழக்கமாக ஒரு வீட்டைக் காலி செய்யும்போது வேண்டியது, வேண்டாதது என்று இரண்டு குவியல் போடுவோம். இங்கே அந்தக் கணக்கு செல்லவில்லை. எஃகு, பீங்கான், துணி எல்லாம் ஒரு பக்கம் போயின. புல், ஓலை, விதை, தோல், மரம் எல்லாம் இன்னொரு பக்கம். ஈக்குமாறு, சுளகு, ஓலைப்பெட்டி, உருத்திராட்ச மாலை, பூஜை அலமாரியில் ஒட்டிக் காய்ந்துபோயிருந்த மாவிலைத் தோரணம் என்று இரண்டாம் பக்கம் வளர்ந்துகொண்டே போனது. அத்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏத்தா, ஈக்குமாத்துக்குமா கணக்குக் கேப்பாக?" என்றார். கேட்பார்கள் அத்தை என்றேன். "அப்ப அந்த ஊர்ல எதைக் கொண்டு கூட்டுவாக?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சுளகைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் அந்த அதிகாரிகளின் பயம் புரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். விளிம்பில் நார் வைத்துக் கட்டிய இடத்தில், பின்னலின் அடிமடிப்பில், என்றைக்கோ புடைத்த அரிசியின் குருணை வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தாலும் முழுக்க வராது. காப்ரா வண்டின் புழு தேடுவது சரியாக இந்த மாதிரி இடத்தைத்தான்.

இந்த வண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளர்ந்த வண்டு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். பூர்விகம் நம் இந்தியத் துணைக்கண்டம் என்கிறார்கள். சேமித்த தானியத்தைப் பொடியாக்கிவிடும். அதன் ரோமமும் உரித்த தோலும் கலந்த தானியத்தை மனிதர் சாப்பிட முடியாது. அதைவிட மோசம் அதன் புழுவின் பொறுமை. தீனி இல்லாவிட்டால் ஏதாவது ஓர் இடுக்கில் சுருண்டுகொண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணப் பூச்சிமருந்து பலவற்றுக்கு அசையாது. ஆஸ்திரேலியா வைத்திருக்கும் முன்னுரிமைத் தாவரப் பகைவர் பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம். கோதுமை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாட்டில் இது குடியேறிவிட்டால் வாங்குகிற நாடுகள் கதவைச் சாத்திவிடும்.

2020இல் விதிகளை இறுக்கினார்கள். அரிசி, கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் என்று ஒரு பட்டியல் போட்டு, முதலில் செப்டம்பரில் கப்பல் சாமான்களிலும், பிறகு அக்டோபரில் பயணிகளின் பெட்டியிலும் தபாலிலும் இவை வரக் கூடாது என்றார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இதே விதிதான். அந்தப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ எழுதியது போல இருந்தது.

இங்கே நம்மவர்கள் விருந்துகளில் கூடும்போது, நம் நிறத்தைப் பார்த்துத்தான் பெட்டியைப் பிரிக்கிறார்கள் என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். அவர்களுக்கு நான் சொல்வது பெர்த் நகரத்துக் கதை. 2007இல் அங்கே ஒரு வீட்டில் காப்ரா வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. குடிபெயர்ந்து வந்த குடும்பத்தின் வீட்டுச் சாமானோடு வந்து இறங்கியிருந்தது. அந்தக் குடும்பம் வந்தது மதுரையிலிருந்தோ லூதியானாவிலிருந்தோ அல்ல, ஸ்காட்லாந்திலிருந்து. வீடு மொத்தத்தையும் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தி மூடி, உள்ளே மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்திக் கொன்றார்கள். வண்டுக்கு ஜாதி, நிறம் தெரியாது. இன்ன நாட்டுக்காரர் என்று பார்த்துப் பெட்டி பிரித்திருந்தால் அதைப் பிடித்திருக்கவே முடியாது.

இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. இந்த நாட்டைக் கெடுத்த உயிரினங்களில் பல, குடியேறியவர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்தவை. விக்டோரியாவில் வேட்டைக்காகத் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் 1859இல் முயல்களை அவிழ்த்துவிட்டார். குவீன்ஸ்லாந்தில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935இல் தேரைகளை இறக்கினார்கள். தேரை வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்றது. நம் ஊர்ப் பொட்டலில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி 1788இல் முதல் குடியேற்றக் கப்பல்களிலேயே வந்துவிட்டது. சாயம் தரும் பூச்சியை அதில் வளர்க்கலாம் என்பது திட்டம். பிறகு வெவ்வேறு கள்ளி வகைகளும் வந்து சேர்ந்து, 1920களில் கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தை மூடிவிட்டன. உழவர்கள் பண்ணையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அர்ஜென்டினாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926இல் விட்ட பிறகுதான் கள்ளி சரிந்தது. குவீன்ஸ்லாந்தின் பூனார்கா என்ற சிற்றூரில் அந்தப் பூச்சிக்கு நன்றியாக ஒரு நினைவு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். பூச்சிக்கு மண்டபம் கட்டிய ஜனங்கள் என் சுளகைச் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பாரம் எல்லோர் தலையிலும் ஒன்றுபோல விழுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து வரும் வீட்டில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் எஃகும் தொழிற்சாலைப் பலகையும்தான் இருக்கும். நம் வீட்டுப் புழங்குபொருளில் பாதி வயலிலிருந்தும் தோப்பிலிருந்தும் மாட்டிலிருந்தும் நேராக வந்தது. என் கணவரின் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை பலா மரம். மூட்டுகளிலும் வாரிலும் பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் இருக்கின்றன. வலந்தலையின் கறுப்பு வட்டத்தில் கல்பொடியோடு பிசைந்த சோறு. கச்சேரிக்கு முன் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், அப்புவது ரவை. மரம், தோல், அரிசி, கோதுமை என்று அதிகாரி தேடுகிற அத்தனையும் ஒரே வாத்தியத்தில்!

அதை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய வாதமாக இருந்தது. அறிவிக்காமல் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவதற்காவது வாய்ப்பு உண்டு, மறைத்துப் பிடிபட்டால் அபராதம் வேறு வரும் என்று நான் நின்றேன். இன்னொரு கவலை புகை. மெத்தில் புரோமைடு கந்தகம் உள்ள பொருளோடு சேர்ந்தால் போகாத ஒரு நாற்றத்தை விட்டுப்போகும். ரப்பர் மெத்தை, கம்பளி, இறகுத் தலையணை, தோல் எல்லாமே இதில் அடக்கம். கடைசியில் தொப்பிப் பக்கத்து ரவையைச் சுத்தமாகச் சுரண்டித் துடைத்து, பட்டியலில் "இசைக்கருவி, மரம், விலங்குத் தோல்" என்று தனி வரியாக எழுதினோம். பார்த்துவிட்டு விட்டார்கள்.

பட்டியல் எழுதுவது ஒரு தனிக் கலை. பேக்கர்ஸ் ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி "கிச்சன் ஐட்டம்ஸ்" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு அந்தப் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலமாரிச் சாமானை நானே கட்டிவைக்கிறேன் என்றபோது மேற்பார்வையாளர் தடுத்தார். "வேணாம் மேடம். நீங்க கட்டுனா 'பிபிஓ'ன்னு எழுதணும், ஓனர் கட்டுனதுன்னு அர்த்தம். அங்க மொதல்ல அதைத்தான் பிரிப்பாங்க." நல்ல மனிதர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் குழவிக்கல்லைக் கழற்றி, அடியில் கெட்டிப்பட்டிருந்த மாவை எனக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். ஒன்று சொல்லிவைக்கிறேன், கிரைண்டர் கொண்டுவரத் தகுந்த பொருள்தான். இங்கேயும் 230 வோல்ட் மின்சாரம். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

விளாச்சேரிக் கொலுப் பொம்மைகள்தான் கடைசிச் சோதனை. பொம்மைகளுக்குத் தடையில்லை, சுட்ட மண்ணும் காகிதக்கூழும்தானே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவை தூங்கியது வைக்கோலில். வைக்கோல் கூடவே கூடாது. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு பொம்மையின் காலிடுக்கிலிருந்தும் ஒற்றை ஒற்றைத் தாளாக உருவினோம். கிருஷ்ணரின் குழலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தாள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அத்தை தன் கொண்டை ஊசியால் அதை எடுத்தார். பிறகு பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துச் சுற்றினோம். அத்தைக்குக் கடைசி வரை மனம் ஒப்பவில்லை. "பேப்பர்ல சுத்துனா ஈரங் கோத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே சுற்றினார்.

சாமான் இங்கே வந்து சேர்ந்ததும் நேராக வீட்டுக்கு வராது. அனுமதி பெற்ற கிடங்கு ஒன்றுக்குப் போகும். அங்கே அதிகாரி வந்து பட்டியலைப் பார்த்துப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரிப்பார். சிக்கலான பொருள் கிடைத்தால் சுத்திகரிப்பு, திருப்பி அனுப்புதல், அழித்தல் என்று மூன்று வழி சொல்வார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் செலவு நம்முடையது. சோதனைக்கே கால் மணி நேரக் கணக்கில் கட்டணம் உண்டு.

எங்கள் பெட்டிகளைப் பிரித்த அன்று கிடங்கில் இருந்த ஏஜென்ட் பிறகு போனில் விவரம் சொன்னார். எதையும் பிடித்துவைக்கவில்லையாம். ஆனால் தசாவதார செட்டை அதிகாரி ஒவ்வொன்றாகக் காகிதம் பிரித்து மேசையில் வரிசையாக நிறுத்தினாராம். இடுப்புக்குக் கீழே ஆமையாக இருப்பவர் யார் என்று கேட்டாராம். ஏஜென்டுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற குஜராத்திக்காரக் கிடங்கு ஊழியர் கூர்மாவதாரத்தில் தொடங்கிப் பாற்கடல் கடைந்த கதையையே சொல்லி முடித்திருக்கிறார். வாமனர் வரைக்கும் போயிருக்கிறது பேச்சு.

அடுத்த வாரம் பில் வந்தது. சோதனைக் கட்டணத்தில் எங்கள் கணக்குக்கு ஒரு கால் மணி நேரம் கூடுதலாக இருந்தது. கணவர் போன் போட்டுக் கேட்கலாம் என்றார். "விடுங்க, கதாகாலட்சேபத்துக்குத் தட்சிணை" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.