கணுக்கால் வரை

வேட்டியைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய விஷயமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் அது கட்டுரைக்கு உரிய விஷயம்தான்.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சட்டை, பனியன், குடை, செருப்பு எதுவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, சேர்த்து வைத்த தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மறு ஆண்டு தடைகள் 11 ஆயின. முழங்கால் தடை அதிலும் இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

கரிசலில் பருத்தி எடுத்தது எங்கள் சனம். அருப்புக்கோட்டையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆக, எங்கள் பாட்டன் துணி முழங்காலோடு நின்றதற்கு நூல் பற்றாக்குறை காரணம் அல்ல.

திருச்சுழியில் பிறந்த ரமணர் கோவணத்தோடு வாழ்ந்தார். காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் அரைத்துணிக்கு மாறினார். துணியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது, வேண்டுமென்றால் கூட்டிக்கொள்ளும் உரிமையும் இருந்தது. அதனால் அது துறவு. மதுரைக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே, ஒன்பது ஆண்டு கழித்து, அதே அரைத்துணி எங்களுக்குக் கட்டளை. 1927இல் மகாத்தில் கூடியிருந்த பெண்களிடம் அம்பேத்கர் புடவையை மேல்சாதிப் பெண்கள் கட்டுவதுபோல் கட்டுங்கள் என்று பேசியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கடைக்கு வருவோம். நாலு முழமா, எட்டு முழமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அது இடுப்பைச் சுற்றி வரும் நீளத்தின் கணக்கு. ஒரு முழம் என்பது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். நாலு முழத்தைக் கட்டி, ஒரு எட்டு எடுத்து வைத்துப் பாருங்கள். தொடை தெரிய விலகினால் உங்களுக்கு நீளம் பற்றாது. ஆனால் வேட்டி காலில் எதுவரை இறங்கும் என்பதை முடிவு செய்வது அகலம். இடுப்பில் கட்டும் இடத்திலிருந்து கணுக்கால் வரை அளந்துகொண்டு, அதற்கு மேல் ஒரு சாண் கேளுங்கள். சுருட்டிச் செருக ஒரு பங்கு போகும், சலவையில் கொஞ்சம் சுருங்கும். நடுத்தர உயரமுள்ள ஆளுக்கு 50 அங்குலம் தேவைப்படும். எங்கள் ஊர் ஆட்களைப் பார்த்ததுமே ஒரு கடைக்காரர் குட்டை வேட்டியை எடுத்துப் போடுவார். "காட்டு வேலைக்குத்தான, இது போதும்ப்பா" என்பார். எது போதும் என்று சொல்ல வேண்டியது கட்டுகிறவன்.

விலை குறைந்த வேட்டியில் முதலில் ஏமாற்றுவது கஞ்சி. துணியின் மூலையை இரண்டு கையாலும் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அந்த விறைப்பு இரண்டு சலவையில் போய்விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இழைகளுக்கு நடுவே சந்து சந்தாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. ஈரக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரியும். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். நூல் நம்பர் கூடக்கூட இழை மெலிசு. 100ஆம் நம்பர் உசத்தி என்று மயங்க வேண்டாம். கருவேலமுள் கிழிக்கிற எங்கள் காட்டுக்கு 40ஆம் நம்பர்தான் உழைக்கும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் தருகிற இலவச வேட்டியையும் இப்படியே பாருங்கள். 1983இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு ஆகும் செலவும் நம் வரிப்பணந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது மரியாதை என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. இறக்கிக் கட்டினால் திமிர். மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் அதைவிடத் திமிர்.

அக்கா மகன் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கப் போனபோது அவன் கேட்டான்: "எதுக்கு மாமா இம்புட்டு அகலம்? தெருவுல போறப்ப வம்புதான் வரும்."

"அகலமாவே எடுடா. எறக்குறதும் ஏத்துறதும் ஓங்கையில இருக்கட்டும்" என்றேன்.

அகலமான வேட்டியை இரண்டு விதமாகவும் கட்டலாம். குட்டை வேட்டி நமக்காக அதுவே முடிவு செய்துவிடுகிறது.

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றம், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். சேரிக்காரன் புதுத்துணி கட்டிப் பொது இடத்தில் நடப்பதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாக எழுத 2015 வரை ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அந்த ஆண்டு வந்த திருத்தம் 26 ஜனவரி 2016 முதல் நடப்பில் இருக்கிறது. 1930 தடையிலிருந்து கணக்குப் போட்டால் 85 ஆண்டு. செருப்பும் சைக்கிளும் கல்யாண ஊர்வலமும் புதுத்துணியோடு அதே இடத்தில்தான் இருக்கின்றன: பிரிவு 3(1)(இசட்ஏ). காவல் நிலையத்தில் "வாய்த்தகராறு" என்று எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். புகார் எழுதிக் கொடுக்கும் தோழர்கள் இந்தப் பிரிவு எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள்.