ஓசூர் மேட்டில் ஒரு கப்பல் யந்திரம்

ஓசூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி நிற்கும் ஊர் அது. எனினும், பழைய நீராவிக் கப்பலின் யந்திரத்தைச் சிறு உருவில் வார்த்தெடுக்க ஒருவர் ஆசைப்பட்டால், அதற்குத் தகுந்த ஸ்தலங்களில் ஓசூரும் ஒன்று என்பேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாகச் சுமார் 30 மைல் மேலேறினால் ஓசூர். சந்திரசூடேசுவரர் குன்றின் கீழே, கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் கலந்து ஒலிக்கும். ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளி அருகிலேயே இருக்கிறது. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் உருவாகத் தொடங்கின. பெரிய ஆலைகளின் நிழலில் லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் பெருகின. இரும்பு இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. பர்கூரை அடுத்த மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புச் சான்றின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அரசாங்கம் அறிவித்தது.

மாதிரிக்கு எந்த யந்திரத்தைக் கொள்வது? இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் 1941 முதல் 1945 வரை 2,710 'லிபர்ட்டி' கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றின் யந்திரமே சாலச் சிறந்தது. அதில் ஒரே நீராவி மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து வேலை செய்கிறது. அழுத்தம் குறையக் குறைய இடம் அதிகம் வேண்டுமல்லவா? ஆகையால் சிலிண்டர்களின் விட்டம் 24½, 37, 70 அங்குலம் என்று வளர்ந்துகொண்டே போகிறது. மூன்றுக்கும் பிஸ்டனின் ஓட்டம் 48 அங்குலம். சான்பிரான்சிஸ்கோவில் பாதுகாக்கப்படும் 'ஜெரமையா ஓ'பிரையன்' கப்பலில் இத்தகைய யந்திரத்தை இன்றும் காணலாம்.

இதை இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைத்தால், பெரிய சிலிண்டரின் விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறையும்; ஓட்டம் இரண்டு அங்குலம். எடையோ 24-ஐ மும்முறை பெருக்கிய 13,824-இல் ஒரு பங்காகும். ஏறத்தாழ 140 டன் யந்திரம் இருபது ராத்தலுக்குச் சற்று மேற்பட்டதாகி, மேஜைமீது அமர்ந்துவிடும்!

கணக்கு இவ்வளவு சுலபம். இரும்பு அவ்வளவு சுலபமாக இணங்காது. ஓரங்குலச் சுவர் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய இடுக்கில் உருகிய இரும்பு நிறையும் முன்பே உறைந்துபோகும். நிறைந்தாலும் சட்டென்று குளிர்ந்து, உளி படாத வெள்ளிரும்பாகிவிடும். ஆகவே சுவரைக் கனமாக்கி, வெளித்தோற்றம் கெடாமல் வரைபடத்தைத் திருத்த வேண்டும். பின்னர் மரத்தில் பேட்டர்ன் செய்ய வேண்டும். இரும்பு ஆறும்போது அடிக்குச் சுமார் எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். அதைக் கூட்டிக்கொள்வதுடன், கடைசலில் சீவப்படும் பங்கையும் சேர்க்க வேண்டும். மணலிலிருந்து சிதையாமல் எழும்ப, பக்கங்களைச் சிறிது சரிவாக இழைப்பதும் அவசியம்.

இரு பாதியான பெட்டியில் ஈரமணலை இடித்து, பேட்டர்னை உருவி, சிலிண்டரின் உட்குழிவுக்கு மணலால் ஆன கோரை வைத்து மூடுகிறார்கள். ஆவி வெளியேற ஊசித் துவாரங்கள் உண்டு. 1,300 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்பைத் தடையின்றி ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். கை தயங்கினால் வார்ப்பு நடுவில் ஒட்டாமல் பிளவுபடும். கோர் மயிரளவு நகர்ந்தால் சிலிண்டரின் ஒரு சுவர் பருத்து மறு சுவர் மெலியும். பேட்டர்னைக் கணினியில் வரைந்து அச்சிட்டெடுக்கும் காலம் இது. ஆயினும் மணலின் பதத்தைப் பிடித்துப் பார்த்துச் சொல்வது இன்னமும் மனிதக் கைதான்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பிரயாசையா? வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். தேசபக்திக்கும் தியாகத்துக்கும் குறைவில்லை. ஆனால் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களை அந்நிய நாட்டிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. கொடி நம்முடையது, யந்திரம் பிறருடையது. அந்தக் குறையைத் தீர்க்கும் பயிற்சி சிறு வயதிலேயே தொடங்க வேண்டாமா?

கிருஷ்ணகிரி ஜில்லாவின் உயர்நிலைப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்து, ஆளுக்கோர் உறுப்பாக இந்த யந்திரத்தைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். பேட்டர்னைப் பிள்ளைகள் இழைக்கட்டும். நெருப்பு வேலையைப் பவுண்டரித் தொழிலாளிகள் பார்த்துக்கொள்வார்கள். தான் இழைத்த மரம் இரும்பாகி வருவதைக் கண்ட பிள்ளை, யந்திரத்தைக் கடையில் விற்கும் சரக்காக மட்டும் இனி ஒருகாலும் எண்ணமாட்டான்.