கறளும் உயிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரும்பை வைத்திருப்போர் அனைவரும் கடலுக்கு ஏதோ ஒரு வரியைச் செலுத்தியே வாழ்கின்றனர். கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த இந்நிலத்திலே சோளகமும் வாடையும் உப்பைச் சுமந்து வருவன. யன்னற் கம்பி, கிணற்றுக் கப்பி, துவிச்சக்கர வண்டியின் சங்கிலி என எதனையும் அவ்வுப்பு விடுவதில்லை. கரையோர வீடுகளில் மழைக்காலம் முடிந்ததும் கம்பிகளைச் சுரண்டி மை பூசுதல் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. கட்டுமரத்தில் ஆணியே இல்லாமற் போனதன் காரணத்தை நூல்களிலே தேடவேண்டியதில்லை. கயிறு இற்றால் வேறு கயிறு கட்டலாம், கறள் தின்ற ஆணியைக் கடலின் நடுவே என்செய்வது?

வடமராட்சிக் கரையிலுள்ள கிராமம் ஒன்றில், விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் வீட்டு விறாந்தையிற் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்துக் கடல்நீர் நிரப்பினான். நீரைக் கலன்களில் ஏந்தித் துவிச்சக்கர வண்டியிற் கொணர்ந்தான். அவன் தந்தையார் நாற்பது ஆண்டுகள் கடற்றொழில் செய்தவர். "கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு கடலை ஏன்ரா வீட்டுக்குள்ளை கொண்டு வாறாய்?" என்று அவர் கேட்டதற்கு மகனிடம் நல்ல விடை இருக்கவில்லை. உயிருள்ள முருகைக்கற்களைப் பெயர்த்தெடுத்தலைச் சட்டம் தடுப்பதால் அவற்றை அவன் நாடவில்லை. இரண்டு சிறு மீன்கள், நாலைந்து நத்தைகள், வெற்றுச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, கரும் முட்களையுடைய முட்தோலி ஒன்று - இவையே அத்தொட்டியின் குடிகள்.

மூன்றாம் மாதத்திற் கறள் தலைகாட்டிற்று. நீரேற்றியின் குழாயை இறுக்கியிருந்த இரும்புக் கவ்விகள் செம்பழுப்பாகிக் கண்ணாடியிற் கறை வழியவிட்டன. தொட்டியைத் தாங்கிய இரும்புச் சட்டத்திலும் மை கொப்புளித்தது. மாணவன் சிந்தித்தான். குத்துவிளக்கிற்குக் கறள் இல்லை. கோயில் மணிக்கும் இல்லை. ஆகவே கடையிற் பித்தளைக் கவ்விகளை வாங்கி, இரும்புக் கவ்விகளைக் கழற்றிவிட்டு அவற்றைப் பூட்டினான். அவை பொன்போல் மின்னின. அவனுக்கும் பெருமிதமே.

இரு வாரங்களுள் நத்தைகள் பிடி தளர்ந்து கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. நண்டு தன் சங்கை விட்டு வெளியேறி இறந்தது. முட்தோலியின் முட்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. மீன்களோ ஏதும் அறியாதனபோல் நீந்தித் திரிந்தன! அதுதான் அவனை ஏமாற்றியது. நீர் கெட்டிருப்பின் மீன்களும் மடிந்திருக்குமன்றோ என்று கருதி, ஏதோ நோய் எனத் துணிந்து, பாதி நீரை மாற்றிப் புதிய நத்தைகளைக் கொணர்ந்து விட்டான். அவையும் மடிந்தன.

பழைய ஆசிரியர் ஒருவரைத் தேடிச் சென்று நடந்தவற்றை அவன் கூறியபோது, அவர் கேட்டது ஒன்றே: "தம்பி, பித்தளைக்குக் கறள் பிடிக்காது எண்டது சரி. அது கரையாது எண்டு ஆர் சொன்னது?"

பித்தளை என்பது செப்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். கடல்நீரில் இரண்டுமே மெல்லக் கரைந்து அயன்களாகின்றன, நாகம் முந்திக்கொள்ளும். மீன்களைப் பீடிக்கும் ஒட்டுண்ணிகளை ஒழிப்பதற்கு மீன் வளர்ப்போர் லீற்றருக்கு 0.15 தொடக்கம் 0.20 மில்லிகிராம் வரை செப்பினைக் கரைப்பது வழக்கம். மீன் அதனைத் தாங்கும். முள்ளந்தண்டற்ற உயிர்களோ அதற்கும் குறைந்த அளவிலேயே மடிந்துவிடும். நோய்க்கு மருந்தாகும் அளவை ஒரு கவ்வி அமைதியாக ஊற்றிக்கொண்டிருந்தது எனலாம். நீரை மாற்றியும் பயன் விளையாததற்குக் காரணம் இரண்டு. கவ்வி அங்கேயே இருந்தது. அடியிற் பரப்பிய சுண்ணாம்பு மணலும் செப்பை ஈர்த்து வைத்துக்கொண்டு பின்னர் மெல்ல விடுவித்தது.

லோகத்தைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலக் கடற்படை 1824ஆம் ஆண்டளவிலேயே அறிய நேர்ந்தது. மரக்கப்பல்களின் அடியிற் பொதிந்த செப்புத் தகடுகள் அரிபடாதிருக்க, நாகத்தையோ வார்ப்பிரும்பையோ அவற்றோடு பொருத்தலாம் என்று ஹம்பிறி டேவி கண்டார். அவை தாம் அரிந்து செப்பைக் காத்தன. டேவியின் கணக்குப் பிழைக்கவில்லை. ஆயினும் கப்பல்கள் வேகமிழந்தன; கரையாத செப்பின்மேல் கொட்டலசும் பாசியும் அச்சமின்றிக் குடியேறின. செப்புக் கரைந்ததே அதுவரை அவற்றைத் தடுத்து வந்தது. பிற்காலத்திற் கப்பல்களுக்குப் பூசப்பட்ட வெள்ளீயச் சேர்வை மைகளோ பெண் நத்தைகளில் ஆணுறுப்பு வளரச் செய்தன; அவற்றைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது.

ஆசிரியர் அளித்த முதலாவது அறிவுரை மிக எளிது: நீருக்குள் லோகமே வேண்டாம். கவ்விகளுக்குப் பதிலாக நைலோன் பட்டிகள் வந்தன. நாகமுலாம் பூசிய வாளியும் விலக்கப்பட்டது. "கறைபடா உருக்கு" என்னும் பெயரை நம்பலாமா என மாணவன் வினவினான். அவ்வுருக்கைக் காப்பது குரோமியம் ஒட்சைட்டினாலான மிக மெல்லிய படலம். ஒட்சிசன் கிடைக்கும்வரை அது தன்னைத் தானே புதுப்பிக்கும். கவ்வியின் இடுக்கிலே ஒட்சிசன் குறைய, குளோரைட்டு அயன்கள் புகுந்து குழி பறிக்கும். மொலிப்தனம் 2 தொடக்கம் 3 சதவீதம் கலந்த 316 என்னும் வகை கூடுதலாகத் தாங்கும். அதனையும் நீருக்கு மேலே பயன்படுத்துவதே நன்று. தைத்தானியம் கடல்நீரிற் கறள் பிடியாது, நஞ்சும் உமிழாது; மாணவனின் பைதான் அதற்கு இடந்தரவில்லை.

நீரேற்றியின் காந்தத்தை மாத்திரம் நீக்க இயலாது. அதன் உறையில் வெடிப்பு உண்டா எனப் பார்த்து, உண்டெனின் கரைப்பான் கலவாத இருபகுதி எப்பொக்சிப் பிசினாற் பொதிதல் வேண்டும். ஈரமின்றிச் சுத்தம் செய்து, முழுப் பரப்பையும் மூடிப் பூசி, ஒரு வாரமேனும் இறுகவிட்டு, நன்னீரில் ஊறவைத்துக் கழுவிய பின்னரே தொட்டிக்குள் இடலாம். அரைகுறைப் பூச்சு, பூச்சே இல்லாமையினும் கேடானது. கீறல் விழுந்த ஒரு புள்ளியில் அரிப்பு முழுவதும் குவிந்துவிடும். சிலிக்கோன் பசையாயின் பூஞ்சண நாசினி சேராததாக இருத்தல் வேண்டும்; குளியலறைக்கு விற்பனையாகும் பசைகள் பலவற்றில் அது சேர்ந்திருக்கும். எண்ணெய் பூசலாமே என்று தந்தையார் இடையிற் புகுந்தார். வலைப்படகின் இரும்புக்கு அது பொருந்தும். தொட்டியிலோ நீர்மேல் ஆடையாய்ப் படர்ந்து காற்றுக் கலப்பதைத் தடுத்துவிடும்.

வெளிச்சட்டத்தைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி எப்பொக்சி மை பூசினர். தொட்டிக்குக் கண்ணாடி மூடியிட்டதும் உப்புத் தெறிப்பது குறைந்தது. வாரந்தோறும் நன்னீர் தோய்த்த துணியாற் சட்டத்தைத் துடைக்கும் பணியைத் தாயார் ஏற்றார். கிணறு உவர்ப்பாகையால் அவர் மழைநீரைப் பானையில் ஏந்தி வைத்துக்கொண்டார். செய்தவற்றுள் அதிகம் பயன் தந்தது இதுவே போலும்.

பழைய மணல் முழுவதும் வெளியேற்றப்பட்டது. புது மணல், புது நீர், உயிர்ப்பூட்டிய கரி என ஒரு மாதம் சென்றது. பின்னர் ஒரேயொரு நத்தையை விட்டு, காலையும் மாலையும் தந்தையும் மகனும் அதனைப் பார்த்திருந்தனர். பதினாறாம் நாள் அது கண்ணாடியின் மேல்விளிம்புவரை ஏறிற்று. கழற்றிய பித்தளைக் கவ்விகள் ஆசிரியரின் மேசையிற் கடதாசி பறவாதிருக்கப் பயன்படுகின்றன. அவற்றில் இன்றும் கறள் இல்லை. திருகுமுனையில் மாத்திரம் சிறிது பச்சை.