திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களுக்கு நன்றி

அஸ்தம்பட்டி, சேலம்

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளில் தொழிற்சங்கம் கண்ட பெரியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்,

டி. செல்வராஜின் 'தோல்' நாவல் வழியாகத்தான் உங்களை அறிந்தேன். திண்டுக்கல்லில் வக்கீலாக இருந்த அவர் உங்கள் போராட்டத்தை வைத்து எழுதிய அந்த நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் படித்த பிறகு என் காலில் கிடக்கும் செருப்பை முன்போலப் பார்க்க முடியவில்லை.

உப்பிட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரையும் சவ்வையும் வழித்தெடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதமாக்க வேண்டும். எங்கள் சேலம், நாமக்கல் மேட்டுக்காடுகளில் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதை ரசித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் பட்டை போய்ச் சேர்ந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். சுண்ணாம்பு கையையும் காலையும் அரித்தது. தோலோடு அடைப்பான் நோய் வரும் அபாயமும் இருந்தது. குழியை விட்டு ஏறினால் ஊர் ஒதுங்கிப் போயிற்று. உங்களில் பெரும்பாலோர் தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள். தோலின் நாற்றத்தைக் காட்டியே அந்தக் கொடுமைக்கு நியாயம் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் சங்கம் வைத்தீர்கள். ஏ. பாலசுப்பிரமணியம் போன்ற கம்யூனிஸ்ட்டுகள் உங்களோடு நின்றார்கள். தோல் பதனிடும் வேலை 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்து அட்டவணையில் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் அட்டவணையில் இருக்கும் கூலி மடிக்கு வந்து சேரச் சங்கம் வேண்டியிருந்தது. கூலியைவிடவும் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று: கைகட்டி நிற்க வைக்கப்பட்டவர்கள் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்டது. அதற்காகவே இந்த மடல்.

அப்படி உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அஸ்தம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும். சேலம் மத்திய சிறை எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அதற்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். செங்கொடி பிடித்தவர்களுக்கு என்ன நேரும் என்று தெரிந்த காலத்தில்தான் உங்கள் வீட்டு ஆண்களும் பெண்களும் அதைப் பிடித்தார்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அநேகமாக எல்லோரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு உங்கள் கதை வங்க மொழியிலும் இந்தியிலும் போய்ச் சேர வேண்டும். அதற்காக, வீட்டுப் பரணில் பழைய சந்தா ரசீதோ, துண்டறிக்கையோ, ஊர்வலப் படமோ இருந்தால் கழித்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பின்பக்கம் எழுதி வையுங்கள்.


உங்கள் வாசகத் தோழர் ஒருவர்