சும்மா ஒரு நட்சத்திரம்

இன்று சென் பீட்டர்ஸ்பேர்க் என்றும் சோவியத் காலத்தில் லெனின்கிராட் என்றும் அழைக்கப்பட்ட நகரில், நேவா நதிக்கரையில் செங்கல்லால் கட்டிய பழைய சிறைச்சாலையொன்று உண்டு. சிலுவை வடிவில் அமைந்த அதன் கட்டடங்களால் அதற்குக் 'கிரெஸ்தி', அதாவது சிலுவைகள் என்று பெயர். 1948 இல் அங்கு காவலாளியாகச் சேர்ந்தவர் டான்சிக் பல்தாயெவ். 1925 இல் புர்யாத்தியாவில் பிறந்தவர். தகப்பனார் இனவரைவியல் அறிஞர். ஸ்டாலின் காலத்தில் அவர் 'மக்கள் விரோதி' என்று கைதுசெய்யப்பட, மகன் அத்தகையோரின் பிள்ளைகளுக்கென்றிருந்த அநாதை விடுதியில் வளர்ந்தார். அந்தப் பிள்ளையே பின்னாளில் அதே அரசின் சிறைக்காவலனானதை விதியின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். கைதிகளின் உடம்பிலிருந்த பச்சைக் குத்துக்களைப் பற்றி மகன் சொன்னபோது, அவற்றை வரைந்து சேர்த்து வைக்கும்படியும் இல்லாவிட்டால் எல்லாம் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும் என்றும் தகப்பனார் அறிவுரை கூறினாராம். பல தசாப்தங்களாக அவர் வரைந்தவை 3,000 ஐத் தாண்டும். 2003 முதல் அவை மூன்று பாகங்களாக நூலுருப் பெற்றன. 2005 இல் பல்தாயெவ் காலமானார்.

பச்சை குத்துவது எம்மவரிடையே பேசித் தீர்ந்த விடயம். குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் சபிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அப்படியிருக்க, கள்ளர்களின் பச்சையைப் பற்றி ஒரு முஸ்லிம் வாத்தியார் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். என்னை ஈர்த்தது அதன் அழகல்ல. அதை யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான்.

சோவியத் சிறை முகாம்களில் தம்மைக் 'சட்டத்திலுள்ள கள்ளர்' என்று அழைத்துக்கொண்ட கூட்டமொன்று இருந்தது. சட்டம் என்றால் அரசின் சட்டமல்ல, தமக்குள் வகுத்த சட்டம். அரசாங்க வேலை செய்யக் கூடாது, அதிகாரிகளுக்கு உதவக் கூடாது என்றெல்லாம் அதில் விதிகள். இவர்களுக்கு உடம்புதான் சேவைப் பதிவேடு. நெஞ்சிலோ முதுகிலோ ஒரு தேவாலயம் வரைந்திருந்தால் அதன் குவிமாடங்களை எண்ண வேண்டும். அத்தனை தடவை தண்டனை பெற்றவர் என்று பொருள். முழங்காலில் நட்சத்திரம் இருந்தால் 'எவர் முன்னும் மண்டியிட மாட்டேன்' என்பது. தோளில் இருந்தால் கூட்டத்தில் பெரிய மனிதர். பூனை கள்ளனின் அடையாளம். சிலந்தி மேல்நோக்கி ஏறினால் தொழில் நடக்கிறது, கீழ்நோக்கி இறங்கினால் விட்டுவிட்டான். விரல்களில் மோதிரம்போல் குத்தியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழக்கு. இதற்கான மையும் ஊசியும் கடையில் வாங்கியவை அல்ல. சப்பாத்து அடி ரப்பரை எரித்த கரியைச் சிறுநீரில் குழைத்து மை தயாரிப்பார்கள். மின்சாரச் சவர இயந்திரத்தில் கிட்டார் தந்தியைப் பொருத்தினால் ஊசி ஆயிற்று. நோவும் காய்ச்சலும் தனிக் கணக்கு.

இவற்றுள் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது லெனினின் படம். நெஞ்சில் லெனினையும் ஸ்டாலினையும் குத்திக்கொண்டால் சுடுபவர்கள் அந்த முகங்களை நோக்கித் துப்பாக்கி நீட்டத் துணியமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை இருந்தது. லெனின் படத்தின் கீழே சிலர் 'வோர்' என்ற மூன்றெழுத்தையும் சேர்ப்பார்கள். கேட்டால் 'ஒக்டோபர் புரட்சியின் தலைவர்' என்பதன் ரஷ்ய முதலெழுத்துக்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ரஷ்ய மொழியில் 'வோர்' என்றால் கள்ளன். இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஸார் அரசு குற்றவாளிகளின் நெற்றியிலும் கன்னங்களிலும் இதே சொல்லைத்தான் பொறித்தது. 1863 இல்தான் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. அரசு அவமானமாகப் பொறித்த சொல்லைக் கள்ளர்கள் பட்டமாக ஏற்று, பிறகு அரசின் பிதாமகனுக்கே சூட்டிவிட்டார்கள்.

இது ரஷ்யாவுக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனி ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்தியது. 'கோத்னா' எனப்பட்ட அதை 1849 வரை கைவிடவில்லை. ஜப்பானில் தோக்குகாவா ஆட்சி கள்ளரின் கையில் வளையம் குத்தியது. அந்தத் தழும்பை மறைக்கவே பெரிய பெரிய சித்திரங்கள் குத்தப்பட்டன என்று சொல்பவர்கள் உண்டு.

முகாமுக்குத் திரும்புகிறேன். அங்கே புதிதாக வருபவனிடம் பழையவர்கள் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, 'உன் பச்சைக்கு நீ பதில் சொல்வாயா?' என்பது. நட்சத்திரம் இருந்தால் அதை எங்கே, எதற்காகப் பெற்றாய் என்று விளக்க வேண்டும். தகுதியில்லாமல் குத்தியிருந்தால் கண்ணாடித் துண்டையோ செங்கல்லையோ கொடுத்து அவனே சுரண்டி எடுக்கும்படி விடுவார்கள். அடி உதையும் உண்டு; உயிர் போனதும் உண்டு. தோற்றவர்களுக்கும் காட்டிக்கொடுத்தவர்களுக்கும் இழிவான குறிகளைப் பலாத்காரமாகக் குத்தி, வாழ்நாள் முழுவதும் மிதித்தார்கள். இக்கூட்டத்தை வீரர்களாகக் காட்டும் சினிமாக்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் குமிழ்முனைப் பேனாவால் மணிக்கட்டில் நட்சத்திரம் வரைந்துகொண்டு வந்தான். "என்ன மகன் இது?" என்று கேட்டேன். "சும்மா சேர்" என்றான். நானும் கழுவிவிட்டு வரச் சொன்னதோடு விட்டுவிட்டேன். பல்தாயெவின் நூலைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் 'சும்மா' அடிக்கடி நினைவுக்கு வருகிறது. முகாமில் சும்மா என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனாலும் கேள்வி என்று ஒன்று இருந்தது; அவனுடைய வாயால் பதில் வரும்வரை காத்திருந்தார்கள்.

எல் சல்வடோரில் அந்தக் கேள்வியும் இல்லாமற் போயிற்று. 1980 இல் தொடங்கி 1992 வரை நீடித்த உள்நாட்டு யுத்தத்திலிருந்து தப்பி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போன அகதிகளின் பிள்ளைகள் மத்தியில் உருவானதே 'மாரா சல்வத்ருச்சா' கும்பல். அமெரிக்கா அவர்களை நாடு கடத்தியபோது கும்பலும் கூடவே வந்து சேர்ந்தது. நெற்றி, கன்னம், உதடு என்று எங்கும் எம்.எஸ். என்ற எழுத்துக்களும் 13 என்ற இலக்கமும். எதிர்க் கும்பலுக்கு 18. 2003 இல் வந்த 'இரும்புக் கரம்' திட்டத்தின்கீழ் பச்சையே கைதுக்குப் போதுமான காரணமாயிற்று. அதற்கான சட்டத்தை உயர்நீதிமன்றம் 2004 இல் செல்லாது என்றது. கும்பல்களோ அதற்குள் பாடம் படித்துவிட்டன. புதியவர்களிடம் இனிக் குத்த வேண்டாம் என்றார்கள். ஆகவே காலம் போகப் போக, முகத்தில் எழுத்துள்ளவர் பெரும்பாலும் பழைய ஆள். இப்போதைய ஆளின் முகம் சுத்தமாக இருந்தது.

2022 மார்ச்சில் மூன்றே நாட்களில் 87 பேர் கொல்லப்பட, அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. 80,000க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். ஏறத்தாழ 8,000 பேரைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்ததாக ஜனாதிபதி புக்கேலேயே 2024 இல் கூறினார். நியாயமாகச் சொல்வதானால், 2015 இல் 6,600க்கு மேற்பட்ட கொலைகள் நடந்த அந்த நாட்டில் 2024 இல் அரசு பதிவுசெய்தவை 114. கப்பம் கொடுத்தே களைத்துப்போன கடைக்காரர் இதற்காக நன்றி சொன்னால் அவரைக் குறைகூற எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 8,000 பேரின் தாய்மாரிடம் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

2025 மார்ச் 15 ஆம் திகதி அமெரிக்கா நூற்றுக்கணக்கான வெனிசுவேலா நாட்டவரை விமானமேற்றி, எல் சல்வடோரின் பெருஞ்சிறைக்கு அனுப்பியது. அவர்களை 'த்ரென் டி அராகுவா' கும்பல் என்றார்கள். நீதிமன்றத்துக்கு வந்த ஆவணமொன்றின்படி புள்ளி போட்டு ஆளை முடிவுசெய்யும் படிவமொன்று இருந்தது. கும்பல் பச்சைக்கு 4 புள்ளி. 8 புள்ளி வந்தால் ஆள் உறுதி. பரீட்சைத் தாள் திருத்தும் எனக்கு அதைப் படித்தபோது கை கூசியது. ஒருவர் ஒப்பனைக் கலைஞர். அவரது இரு மணிக்கட்டிலும் கிரீடம், கூடவே அம்மா, அப்பா என்ற சொற்கள். இன்னொருவர் உதைபந்தாட்டக்காரர், பந்தின் மேல் கிரீடம், அவர் விரும்பிய ரியல் மட்ரிட் கழகத்தின் சின்னத்தைப் போல. அந்தக் கும்பலுக்குப் பொதுவான பச்சையே கிடையாது என்று அதை ஆராய்ந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 18 இல், கைதிகள் பரிமாற்றமொன்றில், 252 பேரும் ஊர் திரும்பினர்.

இது எமக்குத் தூரத்துக் கதை என்று தோன்றலாம். 2019 மே மாதத்தில் கண்டி மாவட்டக் கிராமமொன்றில் எமது பெண்ணொருவரை ஓர் உடுப்புக்காகப் பொலிஸார் கைதுசெய்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். துணியில் அச்சிட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர்களுக்குத் தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரங்களுக்கும் மேலாக அந்தப் பெண் மறியலில் இருந்தார். உடுப்பையாவது கழற்றி மாற்றலாம்.

தோலை என்ன செய்வது? பச்சை குத்தியவர் தௌபாச் செய்தால், அதை அகற்றுவது உடலுக்குத் தீங்காகுமாயின் அப்படியே விட்டுவிடலாம் என்று எமது சட்ட அறிஞர்கள் கூறியுள்ளனர். மை தோலுக்குக் கீழே இருப்பதால் வுழூவுக்கும் குறையில்லை. அப்படியொருவர் முதல் ஸப்பில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றால் நான் முதலில் எதைப் பார்ப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் அவ்வளவு இலகுவாக வரவில்லை.

எல் சல்வடோரில் கும்பலை விட்டு உயிரோடு வெளியேற நீண்ட காலம் ஒரே வழிதான் இருந்தது. உண்மையாகவே தேவாலயத்தில் சேர்ந்து, குடியையும் ஆயுதத்தையும் விட்டுவிட்டால் பழைய தோழர்கள் பெரும்பாலும் தொட மாட்டார்கள். வேஷமா என்று கண்காணிப்பார்கள், வேஷமென்றால் கொல்வார்கள். அந்தச் சோதனையிலும் தேறி, வருடக்கணக்காக வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்களில் சிலரும் 2022 இல் பிடிபட்டனர். கைது செய்ய வந்தவர்கள் முகத்தில் இருந்ததை வாசித்தார்கள்.