பாசி தின்னும் மீனுக்கு இரை

எங்கள் வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடி பளிங்கு போலத் துலங்கிய நாட்களிலேதான் அதனுள் இருந்த மீன் பட்டினியால் நலிந்துகொண்டிருந்தது. இதனை நான் அறிந்தது மிகவும் பிந்தி.

அட்டன் நகரிற் கடையொன்றில் 'டாங்க் கிளீனர்' என்ற பெயரில் அதனை வாங்கினேன். பாசியையும் ஏனைய மீன்களின் கழிவையும் உண்டு அது தானாகவே வாழ்ந்துகொள்ளும், தனியே தீனி இட வேண்டியதில்லை என்றார் கடைக்காரர். தென்னமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட, உடலெங்கும் எலும்புத் தகடுகள் போர்த்த, வாயினாலேயே ஒட்டிக்கொள்ளும் கெளிற்றினம் அது. இரண்டு வாரங்களிற் கண்ணாடியிற் பச்சை என்பதே இல்லாது போயிற்று. வருவோர் போவோரிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினேன். நான் கண்ணாடியைப் பார்த்தேனேயன்றி மீனைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் அம்மாதான். கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து வந்த ஒரு மாலை, கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த அதன் அடிவயிற்றைச் சுட்டிக் காட்டினார். வயிறு உட்குழிந்து இருந்தது. "கொழுந்து கொறஞ்ச நாளையில நமக்கு அரைப்பேராவது போடுறாங்க. இதுக்கு அதுவும் இல்லையாடா?" என்றார். தோட்டப்புறத்தை அறியாதவர்க்காகச் சொல்கிறேன்: ஒரு நாட் சம்பளம் எங்கள் வழக்கில் ஒரு 'பேர்', நிறை குறைந்தால் அரைப்பேர். சில நாட்களில் மீன் இறந்தது.

காரணங்களைப் பின்னரே படித்தறிந்தேன். பாசி வளர ஒளி வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை மூடும்போது எங்கள் காம்பிராவில் நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டும். தின்ற பாசி மீண்டும் முளைப்பது எங்ஙனம்? பிற மீன்களின் கழிவோ அதற்கு உணவே அன்று. அது வெறும் கடைப்பேச்சு. குளிரும் ஒரு பகை. வெப்ப நாட்டு மீனாதலின் 20 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் சமிபாடு தளர்கிறது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகைதான். அங்கு சூடாக்கியின்றி இம்மீனை வளர்க்க முற்படுவது கொடுமை.

இரண்டாவது மீன் வாங்குமுன் சூடாக்கி வாங்கினேன். வெள்ளரித் துண்டையோ பூசணிக் கீற்றையோ தோல் சீவி (சந்தை மரக்கறிகள் மருந்தடிக்கப்பட்டவை), கொதிநீரில் ஓரிரு நிமிடம் வாட்டி, ஆறியபின் கல்லொன்றிற் கட்டி, விளக்கணைத்ததும் தொட்டியில் இறக்குவேன். இரவில் இரைதேடும் மீன் அது. எஞ்சியதைக் காலையில் அகற்றிவிடல் வேண்டும். அழுகினால் நீர் கெடும்.

ஓடைக் கல்லைப் பாசியோடு எடுத்து இடலாமே என்பர். 1946 இல் இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றிய பின்னர் அதற்கெதிராகச் செப்புச் சேர்ந்த மருந்துகள் மலைகளில் தெளிக்கப்பட்டன. செப்பு மீனுக்கு நஞ்சு. ஆகவே, பழைய தொட்டிநீர் நிறைந்த சட்டியொன்றில் நன்கு கழுவிய கூழாங்கற்களை இட்டு, வெயில் காணும் மாதங்களில் வாசலிலேயே பாசி வளர்க்கிறேன். மனிதன் பாசிக்குப் பயிர்ச்செய்கை செய்வதைக் கண்டு லயத்தில் நகைக்காதார் இல்லை.

மீன் இப்போது ஓரடியை நெருங்கிவிட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விட்டுவிடும்படி அண்டை வீட்டார் சொல்கின்றனர். அது இயலாது. பல நாடுகளின் நீர்நிலைகளில் இவ்வினம் பெருகிச் சுதேச மீன்களுக்கு இடையூறாயுள்ளது. நம் ஓடைகளிற் கற்பாசியைச் சுரண்டியுண்ண, இந்நாட்டுக்கே உரிய கர்ரா சிலோனென்சிஸ் என்னும் சிறுமீன் இருக்கிறது. பெரிய தொட்டியொன்றுக்குக் காசு சேர்த்து வருகிறேன்.

நேற்றிரவு இட்ட பூசணியில் இன்று காலை நூல்போன்ற நார் மட்டுமே மீந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, மலைக்குப் புறப்படுமுன் இன்னொரு கீற்றை நறுக்கி வைத்துச் சென்றார்.